பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள்

தெலுக் இந்தானிலிருந்து ஊத்தான் மெலிந்தாங் வழியாகப் பாகான் டத்தோவை நோக்கிப் பயணம் செய்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சாலையின் இரு பக்கமும் செம்பனையும் தென்னையும் மாறி மாறி வரும். இடையிடையே ஒரு மாரியம்மன் கோயில், ஒரு சீனர் கடை, அதை அடுத்து ஒரு தமிழ்ப்பள்ளிப் பெயர்ப்பலகை. சில கிலோமீட்டர் போனால் இன்னொரு பலகை. இத்தனை தமிழ்ப்பள்ளிகளா என்று வெளியூர் நண்பர்கள் வியந்து கேட்பதுண்டு. அவற்றுள் ஒன்றில் ஆறாண்டுகள் படித்தவள் என்ற முறையில் எனக்குத் தோன்றும் கேள்வி வேறு. இவ்வளவு அருகருகே படிக்கும் இந்தப் பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிவார்களா?

நான் அறிந்திருக்கவில்லை. எங்கள் பள்ளிக்கும் அடுத்த தமிழ்ப்பள்ளிக்கும் இடையே நான்கு கிலோமீட்டர்தான். ஆனாலும் ஆறாம் ஆண்டு வரை அந்தப் பள்ளியின் வாசலை நான் மிதித்ததில்லை. மாவட்ட அளவிலான போட்டி முடிவுகளில் எங்களுக்கு மேலேயோ கீழேயோ வரும் ஒரு பெயர் என்ற அளவில்தான் அது எங்களுக்குப் பழக்கம்.

ஏன் இவ்வளவு அருகருகே இத்தனை பள்ளிகள் என்பதற்குத் தோட்ட வரலாற்றில் விடை இருக்கிறது. மலாயாவில் தமிழ்க்கல்வி 1816இல் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் தொடங்கிய ஒரு தமிழ் வகுப்போடு பிறந்தது. அதன் இருநூறாம் ஆண்டை நாம் 2016இல் கொண்டாடினோம். ஆனால் தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கை பெருகியது ரப்பர் தோட்டங்களால். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி அமைத்துத் தர வேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தொழிலாளர் சட்டம் கூறியது. ஆகவே தோட்டத்துக்கு ஒரு பள்ளி முளைத்தது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் பட்டணத்துக்கும் தாமான்களுக்கும் குடிபெயர்ந்தார்கள். பள்ளிகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருப்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். அவற்றில் பெரும்பங்கு 150 மாணவர்களுக்கும் குறைவான பள்ளிகள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2015இல் என் ஆறாம் ஆண்டு வகுப்பில் நாங்கள் எட்டுப் பேர். ஐவர் பெண்கள், மூவர் ஆண்கள். எட்டுப் பேர் வகுப்பில் ஆசிரியருக்குத் தெரியாத பிள்ளை கிடையாது. யார் பசியாறாமல் வந்திருக்கிறார், யாருடைய அப்பாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வீட்டுப்பாடம் செய்யாமல் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. இந்த அரவணைப்பைப் பெரிய பள்ளியில் விலை கொடுத்தாலும் வாங்க முடியாது.

ஆனால் எட்டுப் பேரால் முடியாதவையும் உண்டு. வலைப்பந்துக் குழுவுக்கு எழுவர் வேண்டும். ஐந்து பெண்களோடு நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் இருவரைச் சேர்த்தால்தான் குழு. பட்டிமன்றம் என்றால் எதிரணியில் யார் என்ன பேசுவார் என்பது முன்கூட்டியே தெரியும். முதல் ஆண்டு தொடங்கி ஆறாம் ஆண்டு வரை முதல் நிலை ஒருவருக்கே, எட்டாம் நிலையும் ஒருவருக்கே. எட்டாம் நிலையில் இருந்த நண்பன் தான் எட்டாமவனாகவே பிறந்தவன் என்று நம்பிவிட்டான். முதல் நிலையில் இருந்தவளுக்கோ தன்னைவிட வேகமாகக் கணக்குப் போடும் ஒரு பிள்ளை நான்கு கிலோமீட்டர் தூரத்தில் இருப்பது தெரியாது.

அந்த ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்கு முன்பு மூன்று பள்ளிகளைச் சேர்த்து ஒரு தேர்வு வழிகாட்டிக் கருத்தரங்கு நடந்தது. அப்போது தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு ஏழு தாள்கள். காலையில் கருத்துணர்தல், பிற்பகலில் மலாய்மொழிக் கட்டுரை என்று விடையளிக்கும் முறைகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். அன்று படித்த நுணுக்கங்களில் ஒன்றுகூட இப்போது நினைவில் இல்லை. நினைவில் இருப்பது என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்த பக்கத்துப் பள்ளி மாணவி. அவளும் தன் வகுப்பில் முதல் மாணவி. இருவரும் பேசிக்கொள்ளாமல் ஒரு மணி நேரம் போட்டி போட்டு விடை எழுதினோம். இடைவேளையில் அவள் தன் நாசி லெமாக் பொட்டலத்தில் இருந்த நெத்திலியை என் பக்கம் தள்ளினாள். அவ்வளவுதான் எங்கள் அறிமுகம்.

அந்த அறிமுகத்தின் மதிப்பு மறு ஆண்டுதான் தெரிந்தது. முதலாம் படிவத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். வகுப்பில் 34 பேர். அவர்களில் தமிழ்ப் பிள்ளைகள் நால்வர். ஆசிரியர் வேகமாக மலாயில் பேசும்போது புரியாததைக் கேட்கக் கை தூக்கவே தயக்கம். அந்த நால்வரில் ஒருத்தி, நெத்திலி கொடுத்தவள். "நீ அந்த ஸ்கூல்தானே?" என்று அவள் கேட்டபோது எனக்கு மூச்சு வந்தது. தமிழ்மொழிப் பாடம் எங்கள் பள்ளியில் தானாகக் கிடைக்கவில்லை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் தாய்மொழி வகுப்பு நடத்தப்படும். இருவரும் இடைவேளைதோறும் வகுப்பு வகுப்பாகப் போய்ப் பெயர் சேகரித்தோம். இரண்டு தமிழ்ப்பள்ளிகளின் பிள்ளைகளையும் எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்ததால் பதினைந்தைத் தாண்ட முடிந்தது. எஸ்.பி.எம். தேர்வில் நான் தமிழ்மொழியை எழுதியதற்கு அந்தக் கருத்தரங்கின் பக்கத்து நாற்காலியும் ஒரு காரணம்.

பிறகு காலம் மாறியது. கோவிட் பெருந்தொற்றால் 2020இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இரத்தானது, 2021இல் அது முற்றாக நீக்கப்பட்டது. வகுப்புசார் மதிப்பீடு முன்னுக்கு வந்தது. பிஞ்சுகளின் தோளில் இருந்து ஒரு பாரம் இறங்கியது என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அந்தத் தேர்வோடு இன்னொன்றும் எங்கள் வட்டாரத்தில் சத்தமில்லாமல் நின்றுபோனது. தேர்வு இல்லையென்றால் கருத்தரங்கு எதற்கு? கருத்தரங்கு இல்லையென்றால் பக்கத்துப் பள்ளியோடு கூட வேறு என்ன வேலை? பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்த ஒரே காரணம் போய்விட்டது.

இதை எங்கள் தமிழ்மொழிக் கழகக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, எங்கள் வட்டாரத்தின் மூன்று தமிழ்ப்பள்ளிகளைச் சேர்ந்த நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வளப்படுத்தும் பட்டறை நடத்துவது என்று முடிவானது. தேர்வு நுணுக்கம் எதுவும் இல்லை. தமிழ், கணிதம், அறிவியல் என மூன்று நிலையங்கள், கலப்புக் குழுக்கள். கேட்பதற்கு எளிமையாக இருந்தது. எங்கே நடத்துவது என்பதில்தான் சிக்கல் வந்தது.

மூன்றில் பெரிய பள்ளியில் மண்டபம் உண்டு, கணினி அறை உண்டு. அங்கேயே நடத்தலாம் என்பது எங்கள் எண்ணம். மிகச் சிறிய பள்ளியின் தலைமையாசிரியரைப் பார்க்கப் போனபோது அவர் மைலோ கலக்கிக் கொடுத்து, நாங்கள் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "பிள்ளைங்கள அனுப்புறதுல எனக்குக் கஷ்டம் இல்லம்மா. அந்த மண்டபத்தையும் கணினி அறையையும் பாத்துட்டு வந்து, அடுத்த வருஷம் அங்கேயே படிக்கிறேன்னு நாலு பிள்ளைங்க வீட்டுல சொன்னா, என் பள்ளிக்கூடம் என்ன ஆகும்?"

நாங்கள் வாயடைத்துப் போனோம். அவர் பள்ளியில் மொத்தமே 27 மாணவர்கள். ஒரே ஆசிரியர் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக் கற்பிக்கிறார். நான்கு பிள்ளைகள் போவது அவருக்கு ஒரு வகுப்பே போவதுபோல. ஒவ்வோர் ஆண்டும் முதலாம் ஆண்டுப் பதிவுக்காக வீடு வீடாக ஏறி இறங்குகிறவர் அவர். "தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு" என்று நாம் மேடையில் முழங்குகிறோம். எந்தத் தமிழ்ப்பள்ளி என்ற கேள்வி வரும்போது, பக்கத்துப் பள்ளிகளே ஒன்றுக்கொன்று போட்டியாகிவிடும் வேதனையை நாம் பேசுவதில்லை.

அவரிடம் வாதாட எங்களுக்கு மனம் வரவில்லை. அவருடைய பள்ளியிலேயே முதல் பட்டறையை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டோம். மண்டபம் இல்லையே என்றார். உங்கள் திடல் இருக்கிறதே என்றோம். சிறிது நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர், "புல்லு வெட்டணும்" என்றார். அதுதான் அவருடைய சம்மதம்.

அன்று 63 பிள்ளைகள் வந்தார்கள். மூன்று பள்ளிகளுக்கு மூன்று நிறச் சட்டை. குழுவாகப் பிரித்த பிறகும் நீலம் நீலத்தோடும் மஞ்சள் மஞ்சளோடும்தான் ஒட்டிக்கொண்டன. முதல் அரை மணி நேரம் மண்டைக் குடைச்சல்தான். பாட்டுக்கும் விளையாட்டுக்கும் மசியாத பிள்ளைகள் மசிந்தது வேலை கொடுத்த பிறகு.

தமிழ் நிலையத்துக்கு ஒரு முன்வேலை கொடுத்திருந்தோம். தாத்தா பாட்டியிடம் கேட்டு, தோட்டத்தில் அவர்கள் பேசிய ஐந்து சொற்களை எழுதிக்கொண்டு வர வேண்டும். பெரட்டு, மங்கு, கித்தா, தண்டல், கிராணி, ஆயக்கொட்டகை என்று சொற்கள் வந்து குவிந்தன. பொருள் தெரியாத பிள்ளைக்குத் தெரிந்த பிள்ளை விளக்க வேண்டும் என்பது விதி. காலையில் ஆள் எடுப்பதுதான் பெரட்டு என்று ஒரு நீலச் சட்டை சொல்ல, எங்கள் தாத்தா அதற்கு மணி அடிப்பார்கள் என்றார் என்று ஒரு மஞ்சள் சட்டை தொடர்ந்தது. ரப்பர் மரத்தையே கண்டிராத பிள்ளைகள் மங்கு எப்படி இருக்கும் என்று படம் வரைந்தார்கள். ஆயக்கொட்டகையைப் பற்றிப் பேசும்போது இரு பள்ளிகளைச் சேர்ந்த இரண்டு சிறுமிகளின் பாட்டிகள் ஒரே தோட்டத்தில் மரம் வெட்டியவர்கள் என்பது தெரிய வந்தது. அதற்குப் பிறகு அந்த இரு பிள்ளைகளையும் பிரிக்கவே முடியவில்லை. நம் மொழிப் பாடத்தில் இணைமொழியும் மரபுத்தொடரும் உண்டு. அவற்றைப் பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். தங்கள் வீட்டுச் சொல்லும் தமிழ்தான் என்று அன்று அவர்கள் கண்டுகொண்டபோது முகத்தில் வந்த வெளிச்சம் தனி.

கணித நிலையத்தில் ஒரு கேள்வி: ஒரு ஹெக்டர் நிலத்தில் எத்தனை செம்பனை நடலாம்? மரத்துக்கு மரம் ஒன்பது மீட்டர் இடைவெளி. எங்கள் குழுவில் பொறியியல் படிக்கும் அண்ணன் ஒருவர், எளிமைக்காகச் சதுரமாக நடுவதாக வைத்துக் கணக்கைத் தயாரித்திருந்தார். ஒரு மரத்துக்கு 81 சதுர மீட்டர். 10,000ஐ 81ஆல் வகுத்தால் 123 மரங்கள். பிள்ளைகள் விடையை எழுதிக்கொண்டிருந்தபோது, அந்தச் சிறிய பள்ளியின் ஐந்தாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். "அண்ணா, சதுரமா நடமாட்டாங்க. முக்கோணமா நடுவாங்க. எங்கப்பா தோட்டத்துலதான் வேலை செய்றாரு."

அவள் சொன்னது முற்றிலும் சரி. உடனே அனைவரும் திடலுக்குப் போனார்கள். ஒன்பது மீட்டர்க் கயிறு மூன்றை முக்கோணமாகப் பிடித்து, அதன் உயரத்தை அளந்தார்கள். ஏறக்குறைய 7.8 மீட்டர் வந்தது. ஒன்பதை 7.8ஆல் பெருக்கினால் ஒரு மரத்துக்கு எழுபது சதுர மீட்டர்தான். ஆகவே ஹெக்டருக்கு ஏறக்குறைய 143 மரங்கள். இடைவெளியைக் குறைக்காமலேயே இருபது மரங்கள் கூடுதல்! தோட்டங்களில் 136 முதல் 148 மரங்கள் வரை நடுவது வழக்கம் என்று அண்ணன் சொன்னதும் கைதட்டல் எழுந்தது. அந்தத் தலைமையாசிரியர் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய பள்ளியின் பிள்ளைகள் அவருடைய மாணவியிடம் போய்த் தங்கள் கணக்கு சரியா என்று கேட்டதையும் அவர் பார்த்தார்.

எல்லாம் இனிமையாக முடிந்தது என்று எழுதினால் பாதி உண்மைதான். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் சொல் அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். அவனுக்கு வாசிக்க வரவில்லை. வளப்படுத்தும் நடவடிக்கைக்கு வந்த பிள்ளைக்குத் தேவைப்பட்டது குறைநீக்கல். ஒரு நாள் பட்டறையால் அவனுக்கு எழுத்தைக் கூட்டக் கற்றுத் தர முடியாது. அவனுக்கு முந்நூறு நாளும் அருகில் இருக்கும் ஆசிரியர் வேண்டும். அன்று அவன் கயிற்றின் முனையை அசையாமல் பிடித்து நின்றான். அளவு நாடாவில் எண்ணைச் சரியாகப் படித்தான். அது அவனுக்கு நல்ல நாள்தான். ஆனால் நல்ல நாள் வேறு, கற்பது வேறு. பட்டறைகள் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும்.

நற்சான்றிதழ் கொடுத்து, பதாகைக்கு முன் படம் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஓர் ஆசிரியை கேட்டார்: "அடுத்து எப்ப வருவீங்க?" உபசாரமாகக் கேட்கவில்லை. வந்து, படம் எடுத்து, மீண்டும் வராத பல குழுக்களைப் பார்த்த குரல் அது. பதில் சொல்லாமல் பேருந்தில் ஏற முடியவில்லை. ஜூலையில் என்றோம்.

ஜூலையில் போனோம். இரண்டாவது பள்ளியில் நடந்தது. பிள்ளைகள் 49 பேராகக் குறைந்தார்கள். வேன் கட்டணம் ஒரு காரணம், சனிக்கிழமைச் சமய வகுப்பு இன்னொரு காரணம். ஆனால் இந்த முறை சட்டை நிறம் அரை மணி நேரத்தைத் தின்னவில்லை. பிள்ளைகள் வேனிலிருந்து இறங்கும்போதே பெயர் சொல்லி அழைத்துக்கொண்டார்கள். செப்டம்பரில் பெரிய பள்ளியில் மூன்றாவது பட்டறை. எங்களுக்குத் தேர்வுக் காலம். இருவர் மட்டுமே போக முடிந்தது. மூன்று பள்ளி ஆசிரியர்களும் தாங்களே நிலையங்களைப் பிரித்துக்கொண்டு நடத்தினார்கள். நாங்கள் இருவரும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தோம். இந்த ஓராண்டில் எனக்கு மிகுந்த நிறைவு தந்த நாள் அதுதான். மூன்று பள்ளிப் பெண்பிள்ளைகளும் சேர்ந்து ஒரு வலைப்பந்துப் பயிற்சிக் குழு தொடங்கியிருக்கிறார்கள் என்ற செய்தியும் அன்றுதான் கிடைத்தது.

தலைமையாசிரியர் அஞ்சியது நடந்ததா என்று கேட்பீர்கள். ஒரு குடும்பம் பள்ளி மாற்றத்தைப் பற்றி விசாரித்தது உண்மை. வேன் ஓட்டுநர் வேலையை விட்டது அதற்குக் காரணமாக இருந்தது. வேறு வேன் கிடைத்ததும் பிள்ளை அங்கேயே தொடர்ந்தான். அதற்காக அவருடைய அச்சம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனால் எந்தப் பட்டறையாலும் ஒரு பள்ளியைத் தூக்கி நிறுத்த முடியாது. ஆனால் சிறிய பள்ளியில் பிள்ளைக்குத் துணை இல்லை, போட்டி இல்லை என்று சொல்லித்தானே பெற்றோர் பலர் வேறு பள்ளியைத் தேடுகிறார்கள்? அந்தக் குறையைப் பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து ஓரளவு தீர்க்க முடியும். கட்டடம் தனித்தனியாக இருக்கட்டும். விளையாட்டும், விவாத மேடையும், நட்பும் பொதுவாகட்டும்.

இதைப் படிக்கும் நண்பர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் சிறியது. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய பள்ளிகளுக்கே நாம் மீண்டும் மீண்டும் போகிறோம். அடுத்த முறை உங்கள் சொந்த ஊரின் பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று பள்ளிகளைச் சேருங்கள். மிகச் சிறிய பள்ளி முதலில் விருந்து வைக்கட்டும். என்ன கற்பிக்கலாம் என்று நீங்களே முடிவு செய்யாமல் அங்குள்ள ஆசிரியர்களைக் கேளுங்கள். ஒரு முறை போவதாக இருந்தால் போக வேண்டாம். மூன்று முறை போக முடியும் என்றால் போங்கள்.

எங்கள் வட்டாரத்தின் நான்காவது பட்டறைக்குச் சதுரங்கம் கற்றுத் தர ஒருவரும், சனிக்கிழமை காலையில் வேன் ஓட்ட ஒருவரும் தேவைப்படுகிறார்கள். மதிய உணவு பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பொறுப்பு. நெத்திலிச் சம்பல் நன்றாக இருக்கும்.